ரூரிட்டானியா முதல் ஜெனோவியா வரை: கற்பனை அரசுகளும் அவற்றின் வாசகர்களும்

பள்ளிப் பெண்ணொருத்தி தான் ஒரு சிறிய ஐரோப்பிய நாட்டின் இளவரசி என்பதைத் திடீரென்று அறிந்துகொள்ளும் வகைக் கதைகள் இன்று ஆங்கிலப் புத்தகக் கடைகளில் 'இளையோர் புதினம்' என்ற தட்டில், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகரை எண்ணி எழுதப்படும் நாவல்களுக்குரிய தட்டில், அடுக்கி வைக்கப்படுகின்றன. நடுவயதைக் கடந்தவர்கள் அவற்றைக் கையில் எடுக்கும்போது, பிறர் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று சற்றே கூச்சப்படுவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அமெரிக்காவின் பௌக்கர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட சந்தை ஆய்வின்படி, இளையோர் நூல்களை வாங்குவோரில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அப்படி வாங்கப்படும் நூல்களில் 78 விழுக்காடு பிள்ளைகளுக்காக அல்லாமல் தாமே படிப்பதற்காக வாங்கப்பட்டவை. இதைப் புதியதொரு நோய்போலக் கருதியவர்களும் உண்டு. வளர்ந்தவர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று 2014இல் ஸ்லேட் இணைய இதழில் வெளிவந்த கட்டுரையொன்று வெளிப்படையாகவே வாதிட்டது. அரச குடும்பத்துக் காதல்கதையைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு வரலாறு துணை நிற்கவில்லை. இவ்வகைக் கதை வளர்ந்தவர்களுக்காகவே பிறந்தது. இரண்டு தலைமுறைக் காலம் அவர்களே அதன் முதன்மை வாசகர்களாக இருந்தனர். அது இளையோரின் தட்டுக்கு இறங்கியது நூலகங்களும் பதிப்பகங்களும் இருபதாம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடுகளால்தான்.

இவ்வகையின் மூலநூலாகக் கொள்ளப்படுவது 1894 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரத்து ஏரோஸ்மித் பதிப்பகம் வெளியிட்ட 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' ஆகும். கற்பனையான சிறு ஜெர்மன் அரசொன்றைப் படைத்து அதன் இளவரசனைப் பற்றி எழுதும் முயற்சியை ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1885இலேயே 'பிரின்ஸ் ஒட்டோ'வில் செய்திருந்தார் எனினும், அந்த உத்தியைப் பரந்த வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் ஆண்டனி ஹோப் என்ற புனைபெயரில் எழுதிய ஆண்டனி ஹோப் ஹாக்கின்ஸ். அவர் லண்டனில் தொழில் நடத்திய வழக்கறிஞர்; 1892 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்று தோற்றவர். 1893 நவம்பர் இறுதியில் ஒருநாள் வழக்கொன்றில் வென்று நீதிமன்றத்திலிருந்து தம் அறைக்கு நடந்து திரும்பும் வழியில் கதைக்கரு தோன்றியதாகவும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் வரைவை முடித்ததாகவும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. நூல் வெளிவந்த வேளையும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது. அதுவரை இங்கிலாந்தில் மதிப்புக்குரிய நாவல் என்பது மூன்று தொகுதிகளாக, 31 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் அச்சிடப்பட்டு, தனிமனிதர் வாங்க இயலாமல், சந்தா கட்டிப் படிக்கும் வாடகை நூலகங்கள் வழியாகவே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1894 ஜூன் மாதத்தில் மூடி, டபிள்யூ. எச். ஸ்மித் ஆகிய இரு பெரும் நூலகங்களும் அந்த விலைக்கு இனி வாங்கப்போவதில்லை என்று அறிவித்ததும் மூன்று தொகுதி நாவல் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. 3 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில், 22 அத்தியாயங்களில், ஒரே தொகுதியாக வந்திருந்த ஹோப்பின் நாவல் இந்த மாற்றத்தின் முகப்பிலேயே நின்றது. ரயில் பயணத்தில் தொடங்கி இரவு உறங்கப்போகுமுன் முடித்துவிடக்கூடிய நூலுக்குச் சம்பாதிக்கும் வயதினரிடையே பெரும் தேவை உருவாகிக்கொண்டிருந்த காலம் அது.

அந்நூலை நிதானமாகப் படிப்பவருக்கு அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில் ஐயம் எழாது. கதாநாயகன் ருடால்ஃப் ராசெண்டில் 29 வயதான ஆங்கிலக் கனவான். வேலை வெட்டி எதுவும் இல்லாமல் காலம் கழிப்பதற்காக அண்ணியிடம் காலையுணவு மேசையில் வசவு வாங்குபவனாகவே அவன் முதலில் அறிமுகமாகிறான். அவனுடைய சிவந்த தலைமுடிக்கும் நீண்ட கூர்மூக்குக்கும் காரணம், 1733இல் ரூரிட்டானியா நாட்டு இளவரசன் ஒருவன் லண்டனுக்கு வந்திருந்தபோது அந்தக் குடும்பத்துச் சீமாட்டியோடு கொண்ட கள்ள உறவு. இந்தச் சாயல் ஒற்றுமையே கதையின் அச்சாணி: ரூரிட்டானியாவின் புதிய அரசனுக்கு முடிசூட்டு விழாவுக்கு முந்தைய இரவில் மது வழியாக மயக்கமருந்து கொடுக்கப்படுகிறது, அரியணைக்கு ஆசைப்படும், வேறு தாய்க்குப் பிறந்த தம்பி மைக்கேலின் சூழ்ச்சியை முறியடிக்க, முதிய தளபதி சாப்ட் இந்த ஆங்கிலேயனை அரசனின் இடத்தில் நிறுத்தி முடிசூட வைக்கிறார், அரசனுக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசி ஃபிளேவியா போலி அரசனைக் காதலிக்கத் தொடங்குகிறாள், அவனும் அவளை விரும்புகிறான். உண்மை அரசன் சிறைமீட்கப்பட்ட பின் இருவரும் பிரிகிறார்கள். ஃபிளேவியா தான் காதலிக்காத மனிதனை நாட்டுக்காக மணக்கிறாள்; ஆண்டுக்கொரு முறை டிரெஸ்டன் நகரில் நண்பன் ஒருவன் மூலம் ஒரு சிவப்பு ரோஜா கைமாறுவதோடு அவர்கள் உறவு நின்றுவிடுகிறது. விளையாட்டும் வாள்வீச்சும் நிறைந்த நடையில் சொல்லப்பட்டாலும், திருமண வயதைக் கடந்தவர்களுக்கே முழுமையாக உறைக்கக்கூடிய இழப்பு இதன் மையத்தில் இருக்கிறது. பரம்பரையின் தவறொன்றில் தொடங்கி, தவறு செய்ய மறுக்கும் இருவரின் பிரிவில் முடியும் இந்தக் கட்டமைப்பு, எளிய சாகசக்கதை என்ற பெயருக்குள் அடங்கிவிடுவதன்று.

ரூரிட்டானியா எந்த வரைபடத்திலும் இல்லை என்றாலும், அதன் மண் ஐரோப்பாவிலிருந்து அள்ளப்பட்டதே. 1815இல் அமைந்த ஜெர்மன் கூட்டமைப்பில் முப்பத்தொன்பது அரசுகள் இருந்தன. 1871இல் ஜெர்மானியப் பேரரசு உருவான பின்னும் அதனுள் இருபத்திரண்டு முடியாட்சிகள் தத்தம் அரண்மனை, படைப்பிரிவு, நாடகசாலை ஆகியவற்றோடு நீடித்தன. பால்கன் பகுதியில் ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் அரசர்களை ஜெர்மனியிலிருந்தே வரவழைத்தன. 1866இல் ருமேனியாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோஹென்சோலர்ன் குலத்து இளவரசர் கரோல், ஆஸ்திரிய எல்லைக்குள் அடையாளம் தெரிந்துவிடாதபடி பொய்ப் பெயரோடு ரயிலின் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்து தம் நாட்டை அடைந்தார். பல்கேரியாவின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1879இல், 22 வயதில், அந்நாட்டின் அரசராக்கப்பட்ட பாட்டன்பர்க் குலத்து அலெக்சாண்டரை 1886 ஆகஸ்ட் மாத இரவொன்றில் சதிகார இராணுவ அதிகாரிகள் சோஃபியா அரண்மனையில் வளைத்து, முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட வைத்து, டான்யூப் ஆற்றுவழியே நாடு கடத்தினர். மக்கள் ஆதரவோடு அவர் மீண்டு வந்தபோதும் ரஷ்யப் பேரரசரின் எதிர்ப்பால் அடுத்த மாதமே அரியணையைத் துறக்க நேர்ந்தது. பிரஷ்ய இளவரசி விக்டோரியாவை மணக்க அவர் விரும்பியதைப் பிஸ்மார்க் அரசியல் காரணங்களுக்காகத் தடுத்தார். இறுதியில் 1889இல் பாடகி ஒருத்தியை மணந்து ஒதுங்கி வாழ்ந்தார். ஹோப் எழுத அமர்வதற்கு முந்தைய ஏழாண்டுகளில் நாளிதழ்களில் வந்த செய்திகள் இவை. கடத்தப்பட்ட அரசனையும் அரசியலால் முறிந்த காதலையும் மிகைக் கற்பனை என்று அன்றைய வாசகர் ஒதுக்கியிருக்கமாட்டார்.

நாவலின் வெற்றிக்குப் பின் வந்தவை பல. 1895இல் நியூயார்க்கிலும் 1896இல் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கிலும் அது நாடகமானது. 1898இல் ஹோப்பே 'ரூபர்ட் ஆஃப் ஹென்சௌ' என்ற தொடர்ச்சியை வெளியிட்டார். இவற்றைவிடக் கவனத்துக்குரியது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பார் மக்கச்சன் 1901இல் வெளியிட்ட 'கிராவ்ஸ்டார்க்'. அதில் அமெரிக்க இளைஞன் ஒருவன் ரயிலில் சந்தித்த பெண்ணைப் பின்தொடர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்று, அவள் ஒரு சிறு நாட்டின் இளவரசி யெடிவ் என்பதை அறிந்து, முடிவில் அவளையே மணக்கிறான். ஹோப்பின் கதையில் கடமை காதலை வென்றது. மக்கச்சன் கதையில் குடியரசு நாட்டுக் குடிமகன் பிறப்புத் தகுதியை வென்றான். அந்த ஒரு மாற்றம் இவ்வகைக் கதையின் பின்னாளைய போக்கையே தீர்மானித்தது என்று சொல்லலாம். நூறாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட இளவரசிக் கதைகளும் பெரும்பாலும் ஹோப்பின் நாட்டில் மக்கச்சனின் முடிவையே வைத்தன. எலினோர் கிளின் 1907இல் எழுதிய 'த்ரீ வீக்ஸ்' நாவலில் பால்கன் அரசியொருத்தி ஆங்கில இளைஞன் ஒருவனோடு மூன்று வாரங்கள் கொள்ளும் உறவு புலித்தோல் விரிப்பு உள்ளிட்ட விவரங்களோடு சொல்லப்பட்டதால் அந்நூல் பாஸ்டனில் நீதிமன்றம்வரை போனது. சிறுவருக்கென்று இந்த உலகை முதலில் திறந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். அவரது 'தி லாஸ்ட் பிரின்ஸ்' 1915இல் வந்தது. அதில் காதலுக்கு இடமில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்: அரசகுலமும் காதலும் சேர்ந்த கதை அப்போதும் பெரியவர்களின் உடைமையாகவே இருந்தது.

1918 நவம்பரில் ஜெர்மனியின் இருபத்திரண்டு முடிகளும் சில வாரங்களுக்குள் சரிந்தன. ஆஸ்திரியாவிலும் பேரரசு முடிந்தது. கதையின் மூலப்பொருள் உலகிலிருந்து மறைந்த பிறகு கதை திரைக்கு இடம்பெயர்ந்தது. ஜெண்டா கதை 1913, 1922, 1937, 1952 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் படமாயிற்று. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக முடியைத் துறந்ததும், 1937 மே மாதத்தில் அவருடைய தம்பிக்கு முடிசூட்டப்பட்டதும், அதே ஆண்டு செப்டம்பரில் ரொனால்ட் கோல்மன் நடித்த ஜெண்டா திரைக்கு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. ஃபிளேவியா எடுத்த முடிவுக்கு நேர்மாறான முடிவை ஓர் உண்மை அரசர் எடுத்துவிட்ட ஓராண்டுக்குள் பார்வையாளர்கள் அந்தப் பிரிவைத் திரையில் கண்டார்கள். 1953இல் வில்லியம் வைலர் இயக்கிய 'ரோமன் ஹாலிடே' படத்தில் பெயர் சொல்லப்படாத நாட்டின் இளவரசி ஒரே ஒரு நாள் சுதந்திரமாகத் திரிந்துவிட்டுக் கடமைக்குத் திரும்புகிறாள். இரண்டாண்டுகள் கழித்து, 1955 அக்டோபர் 31 அன்று, இங்கிலாந்து இளவரசி மார்கரெட் மணவிலக்குப் பெற்ற விமானப்படை அதிகாரி பீட்டர் டௌன்செண்டை மணப்பதில்லை என்று அறிக்கை விட்டார். 1956 ஏப்ரலில் நடிகை கிரேஸ் கெல்லி மொனாக்கோ அரசரை மணந்தார். அதே மாதத்தில் திரைக்கு வந்த 'தி ஸ்வான்' படத்தில் அவர் ஏற்றிருந்ததும் இளவரசி வேடமே. வாழ்க்கையும் கதையும் இவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று தொட்டுச் சென்ற பத்தாண்டு வேறில்லை.

இந்தியாவுக்கும் இக்கதை வந்தது. வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் 1938இல் ஜெண்டாவைத் தழுவி 'ஜிந்தேர் பந்தி' நாவலை எழுதி, களத்தை மத்திய இந்தியச் சுதேச சமஸ்தானம் ஒன்றில் வைத்தார். நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் அப்போது உயிரோடு இருந்ததால் ரூரிட்டானியாவைத் தேடி அவர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தபன் சின்ஹா அதை 1961இல் படமாக்கினார். அதற்கு முன்பே, 1958 ஆகஸ்ட் 22 அன்று வெளியான 'நாடோடி மன்னன்' படத்தில் எம்.ஜி.ஆர். மன்னன் மார்த்தாண்டனாகவும் நாடோடி வீராங்கனாகவும் இரட்டை வேடத்தில் நடித்து, ஆள்மாறாட்டம் என்ற அதே கருவைக் கையாண்டார். அங்கே கதையின் எடை வேறு பக்கம் சாய்ந்தது. அரியணையில் அமர்த்தப்பட்ட நாடோடி அரசியைக் காதலிப்பதில்லை. உண்மையைச் சொல்லி அவளுக்கு உடன்பிறந்தவனாகிறான். தனக்குக் கிடைத்த அதிகாரத்தை ஏழைகளுக்கான சட்டங்களுக்குப் பயன்படுத்துகிறான். ஹோப் காதலின் இழப்புக்குச் செலவிட்ட இடத்தை அந்தப் படம் ஆட்சியின் நியாயத்துக்குக் கொடுத்தது. இதற்கிடையே மூல நாவலின் சுருக்கப் பதிப்பு இந்தியப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலத் துணைப்பாட நூலாக, மாணவர் வழக்கில் 'நான்-டீட்டெயில்' ஆக, ஆகியிருந்தது; கள்ள உறவில் தொடங்கும் கதை இவ்வாறு வகுப்பறைக்குள் நுழைந்து, சிறுவர் படிக்கும் சாகசக்கதை என்ற அடையாளத்தைப் பெற்றது.

இளையோர் புதினம் என்ற தனிவகையை உருவாக்கியதில் எழுத்தாளர்களுக்கு இணையான பங்கு அமெரிக்கப் பொதுநூலகர்களுக்கு உண்டு. குழந்தைகள் பகுதிக்கும் பெரியோர் பகுதிக்கும் இடையே தவித்த பதின்பருவத்தினருக்காகத் தனித் தட்டுகளை அமைத்தவர்கள் அவர்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1957இல் இதற்கென ஒரு பிரிவையே தோற்றுவித்தது. தொடக்கத்தில் அந்தத் தட்டுகளில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, இளையோருக்கும் ஏற்றவை என்று நூலகர் தேர்ந்தெடுத்த நூல்கள். மோரீன் டேலி 1942இல் எழுதிய 'செவன்டீந்த் சம்மர்' இதற்குச் சிறந்த சான்று: பெரியவர்களுக்கான நாவலாக வெளியிடப்பட்ட அது, இன்று இளையோர் புதினத்தின் முன்னோடி என்று வரலாறுகளில் இடம்பெறுகிறது. 1967இல் எஸ். இ. ஹிண்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' வந்த பிறகு நேரடியாக இவ்வயதினருக்கென எழுதும் மரபு வலுப்பெற்றது. 1980களில் 'ஸ்வீட் வேலி ஹை' போன்ற மலிவு விலைக் காதல் வரிசைகள் பதின்வயதுப் பெண்களைத் தனிச் சந்தையாக்கின. இவை எல்லாம் நூலை எங்கே அடுக்குவது, யாரிடம் விற்பது என்ற தேவையிலிருந்து எழுந்த ஏற்பாடுகள். ஒரு கதை எந்த வயதில் மனத்தில் தைக்கும் என்பதற்கு அவை விடையாக மாட்டா.

மெக் காபட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி பிரின்சஸ் டயரீஸ்' இந்தத் தட்டுக்குள் பழைய ரூரிட்டானியாவைக் கொண்டுவந்தது. மக்கச்சனைப் போலவே காபட்டும் இந்தியானா மாநிலத்தவர். பட்ரீசியா காபட் என்ற பெயரில் பெரியவர்களுக்கான வரலாற்றுக் காதல் நாவல்களை 1998 முதலே வெளியிட்டு வந்தவர். தந்தை இறந்த பிறகு தம் தாய் தம் ஆசிரியர்களில் ஒருவரோடு பழகத் தொடங்கியதே கதையின் வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ஓவியரான தாயுடன் வாழும் மியா தெர்மோபொலிஸ் ஐந்தடி ஒன்பதங்குல உயரமும் அல்ஜீப்ராவில் தோல்வியும் தன்னைப் பற்றிய தீராத அதிருப்தியும் கொண்டவள்; அவளுடைய தாய் பழகுவது அதே அல்ஜீப்ரா ஆசிரியரோடு. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் கடலோரமாக அமைந்த ஜெனோவியாவின் அரசரான தந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையால் இனிப் பிள்ளை பெற இயலாதவராகி, மணவுறவுக்கு வெளியே பிறந்த ஒரே மகளை வாரிசாக அறிவிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். நோய், மணமின்றிப் பெற்ற குழந்தை, அதிகாரம் பிறப்பால் கைமாறுவதன் அபத்தம் ஆகிய முதிர்ந்த செய்திகள் முழுவதும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் பதற்றமான நாட்குறிப்பு வழியே வடிகட்டப்பட்டு வருவதால் நூல் இலகுவாகத் தோன்றுகிறது. அந்த இலகுத்தன்மை உழைத்துப் பெற்ற கலைத்திறன் என்பதில் ஐயமில்லை.

முதிர்ந்த வாசகர் இந்நூலைப் படிக்கும்போது கண் போகும் இடங்கள் வேறு. மியாவின் வயதினருக்கு அவளுடைய பாட்டி கிளாரிஸ் வெறும் கொடுமைக்காரி: இமையோரத்தில் மையைப் பச்சையாகவே குத்திக்கொண்டவர், ஓயாமல் புகைப்பவர், சைட்கார் என்ற பிராந்திக் கலவை மது கையில் இல்லாமல் காணப்படாதவர், மயிர் உதிர்ந்த ரோமெல் என்ற நாயைக் கூடவே இழுத்துக்கொண்டு திரிபவர், பிளாசா ஹோட்டல் அறையில் பேத்தியை அமரவைத்து நடை, உடை, உணவுமேசை ஒழுங்கு என்று பாடம் நடத்துபவர். கேரி மார்ஷல் 2001இல் எடுத்த திரைப்படம் ஜூலி ஆண்ட்ரூசின் கனிவால் இந்தப் பாத்திரத்தின் முட்களை எல்லாம் களைந்துவிட்டது. அது பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். நூலில் வரும் கிளாரிஸ், தன் தலைமுறையோடு முடிந்துபோகக்கூடிய ஓர் அமைப்பைக் காப்பாற்றத் தன்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே கருவி இந்த ஒத்துழைக்காத சிறுமிதான் என்பதை உணர்ந்த கிழவி; அவருடைய கடுமைக்குப் பின்னால் அச்சம் இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் பதினான்கு ஆண்டுகள் உண்மையை மறைத்த தாய்தந்தையரின் சங்கடமும், அந்த உண்மையைச் சொல்லும் நாளில் அவர்கள் தடுமாறும் விதமும் அதேபோல, பிள்ளை வளர்த்தவர்களுக்கே முழுமையாகப் புரியும். மியாவின் நாட்குறிப்பில் இவை அவளறியாமல் பதிவாகின்றன. எழுதுபவள் காணாததை வாசகர் கண்டுகொள்ளும் இந்த இடைவெளி, படிப்பவரின் வயது கூடக்கூட அகலமாகிறது.

சிறிய நாடு என்ற உத்தி ஏன் இன்னும் பலிக்கிறது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. பெரிய நாட்டின் அரசியல் எந்தத் தனிமனிதரின் நல்ல குணத்தாலும் தீர்வதில்லை. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஜெனோவியாவிலோ ஒரு பெண் துணிந்து உண்மை பேசினால் அரசு திரும்புகிறது. நடைமுறை அரசியலில் நெடுங்காலம் அலுத்துப்போனவருக்கு இந்த அளவின் ஆறுதல் பள்ளி மாணவியைவிட அதிகமாகவே தேவைப்படலாம், அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. எமிகோ ஜீன் 2021இல் எழுதிய 'டோக்கியோ எவர் ஆஃப்டர்' நாவல் கலிஃபோர்னியச் சிறுமி ஒருத்தியை ஜப்பானியப் பட்டத்து இளவரசரின் மகளாக்கி, உண்மையான பெருநாடு ஒன்றில் கதையை வைத்தது. அங்கே அவளால் அரசை அசைக்க இயலாது, தன் குடும்பத்துக்குள் இடம் தேட மட்டுமே இயலும்.

காபட்டின் முதன்மை வரிசை 2009இல் பத்தாம் தொகுதியோடு நின்றது. 2015இல் அவர் ஜெனோவியாவுக்குத் திரும்பியபோது அந்த நாடு இரண்டாகப் பிரித்து விற்கப்பட்டது: மியாவின் திருமணத்தைச் சொல்லும் 'ராயல் வெட்டிங்' பெரியவர்களுக்கான நாவலாக வில்லியம் மோரோ பதிப்பகத்திலிருந்தும், நியூ ஜெர்சியில் வளரும் வேறு தாய்க்குப் பிறந்த அவளுடைய பன்னிரண்டு வயதுத் தங்கை ஒலிவியாவின் குறிப்பேடு சிறுவர் நூலாக வேறொரு பதிப்பகத்திலிருந்தும் அதே ஆண்டில் வெளிவந்தன. முதல் நூலைப் பதினான்கு வயதில் படித்தவருக்கு அப்போது 29 வயது, ராசெண்டில் ரூரிட்டானியாவுக்கு ரயிலேறிய அதே வயது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் காபட் சிறுசிறு பகுதிகளாக எழுதத் தொடங்கி, 2023இல் நூலாக வந்த நாட்குறிப்பில், ஆட்சிப் பொறுப்பை ஏற்றுவிட்ட மியா எல்லைகளை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவளாகவும், தனிமைப்படுத்தப்பட்ட கணவனைப் பற்றிக் கவலைப்படுபவளாகவும், கட்டுப்பாடுகளுக்கு அடங்காத கிளாரிசோடு ஒரே அரண்மனையில் அடைபட்டவளாகவும் இருக்கிறாள். அந்நூலும் புத்தகக் கடைகளில் பெரியவர்களின் தட்டிலேயே வைக்கப்பட்டது.